முதல் சொல்லைக் கொடுப்பவள்

17.10.2011, திங்கள். ஓல்டன்

விரல்கள் நோகின்றன. நோகட்டும்.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் சிவகலாவின் மகன் கிஷோபன், தங்கள் பாண்டுக்குப் பியானோ வாசிக்க ஆள் தேடுகிறான் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவள் என்று வாயை அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். இன்று போனேன். அணுகுண்டுக்குப் பயந்து இந்த நாட்டில் மாடிக்கட்டடங்களின் அடியில் கட்டிவைத்த பங்கர் ஒன்றுக்குள்தான் பழகுகிறார்கள். பாட்டும் கிற்றாரும் கிளைவ்: எசெக்ஸ்காரர், அறுபது வயது, ரயில் பட்டறையில் வேலை. பாஸ் கிற்றார் உர்ஸ். ட்ரம்ஸ் கிஷோபன், இருபத்திரண்டு வயது, இங்கேயே பிறந்தவன். பாண்டின் பெயர் வெட் மண்டேஸ், ஈரத் திங்கட்கிழமைகள். திங்களில் வேறு எவருக்கும் பங்கர் தேவைப்படுவதில்லையாம்.

27.11.2011

நேற்று ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பப்பில் வாசித்தோம். நாற்பது பேர் இருக்கும். கைதட்டினார்கள். பதினைந்து வருடமாக இந்த ஊரில் கிழவர்களைத் தூக்கி, கழுவி, உடுப்புப் போட்டுவிடுகிறேன்; ஒருவரும் எனக்குக் கைதட்டியதில்லை. காலையிலும் காதுக்குள் அதுவே கேட்கிறது.

19.12.2011

கிளைவ் தன் சொந்தப் பாட்டின் இரண்டாவது அடியை மறந்துபோனார். சிரித்துச் சமாளித்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று தரம் தேடினார். அவருடைய ஸ்பீக்கர் பெட்டியில் சின்னச் சின்னக் கடதாசிகள் — எந்தப் பாட்டு முதலில், எது பிறகு.

மறதி நோய்ப் பிரிவில் வேலை செய்கிறவள் நான். எனக்கு ஆர் சொல்லித்தர வேணும்?

களைப்பாக இருக்கலாம்.

9.1.2012

களைப்பில்லை. வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று இன்று என்னிடம் கேட்டார். பதினெட்டு வருடமாக அவர் இருக்கும் வீடு.

18.3.2012

எங்கள் பிரிவில் ஒரு முறை உண்டு. "நினைவிருக்கிறதா" என்று ஒருபோதும் கேட்கக் கூடாது, அது அவமானம். முதல் சொல்லை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மிச்சம் தானாக வரும். இப்போது மேடையிலும் அதையே செய்கிறேன். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் பியானோவிலிருந்து முதல் சொல்லை மெல்லப் பாடுகிறேன், அவர் பிடித்துக்கொள்கிறார். சனங்கள் இதைப் புதுப் பாணி என்று நினைத்து ரசிக்கிறார்கள். நேற்று எங்கள் பாட்டைக் கேட்க வந்த ஒருவர், யூன் 16 பீல் நகர விழாவில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டாயிரம் பேர் வருவார்களாம்.

இரண்டாயிரம்!

30.4.2012

பங்கரை விட்டு வெளியே வரும்போது கிஷோபன் மெல்லக் கேட்டான்: "அன்ரி, கிளைவுக்கு என்னவோ செய்யுதெல்லோ?"

வயசுதான் என்றேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டொக்டரிடம் போகச் சொல்லலாம். போனால் வான் ஓட்டும் லைசன்சைப் பறித்துவிடுவார்கள். எங்களை ஏற்றிப்போகும் வான் அவருடையது, பாட்டுகள் அவருடையவை. அவர் இல்லையென்றால் பாண்டும் இல்லை, நானும் பழையபடி வேலையும் வீடும்தான். யூன் முடியட்டும், சொல்கிறேன். ஏழு கிழமைதானே?

2.6.2012

இன்னும் இரண்டு கிழமை. மாதாவே.

17.6.2012

நேற்றுக் காலை பத்து மணி, நல்ல வெயில். பீலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். உர்ஸ் ரயிலில் வருவதாகச் சொல்லியிருந்தார். கிஷோபன் முன்னுக்கு இருந்தான், நான் பின்னுக்கு. ஓட்டோபான் நெடுஞ்சாலைக்கு ஏறுற வழியை விட்டிட்டு இறங்குற வழியில கிளைவ் வானைத் திருப்பினார். நான் கண்டனான். கத்தினனான். லொறி —

கிளைவுக்கு நெற்றியில் ஒரு கீறல். கிஷோபனின் வலக்கை மூன்று இடத்தில் முறிந்துவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. ஒண்டுமே இல்லை.

20.6.2012

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிவகலா மகனுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார். நரம்பு போய்விட்டதாம், அந்தக் கையால் இனிக் குச்சி பிடிக்க முடியாது. தாய் தண்ணீர் எடுக்கப் போனதும் அவன் கேட்டான்: "உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"இல்லை" என்றேன்.

ஏன் அப்பிடிச் சொன்னனான்?

3.7.2012

உர்ஸ் பங்கர்ச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் சேர்ந்து எட்டு மாதம், பதினொரு நிகழ்ச்சி. அவ்வளவுதான் வெட் மண்டேஸ்.

கிளைவைப் பரிசோதித்த டொக்டர், இந்த வருத்தம் ஒரு வருடமாவது இருந்திருக்கும், கூடத் திரிந்த ஒருவருக்கும் தெரியாமல் போனது அதிசயம் என்றாராம். உடுப்பு மடிக்கும் அறையில் சிவகலா இதை என்னிடம் சொல்லி அழுதார். நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

9.11.2014, ஞாயிறு

கிளைவ் எங்கள் பிரிவுக்கு வந்து ஆறு மாதம். இங்கே வந்து பழகிய ஜெர்மன் அவருக்கு முழுக்க மறந்துபோய்விட்டது. அவரோடு ஆங்கிலம் கதைக்க நான்தான். அடுத்த நிகழ்ச்சி எப்போது என்று தினமும் கேட்பார். சனிக்கிழமை என்பேன். அன்றைய பொழுதுக்கு அது காணும்.

இன்று கிஷோபன் வந்தான். இதுதான் முதல் தடவை. யாரென்று தெரியாமலே கிளைவ் எழுந்து கைகொடுத்தார். அவன் இடக்கையைக் கொடுத்தான். நீயும் வாசிக்கிறவனா என்று கேட்டார். இல்லை என்றான்.

வாசல்வரை கூடப் போனேன். அங்கே வைத்துச் சொல்லிவிட்டேன். "எனக்குத் தெரியும், கிஷோபன். அந்த வருசம் நத்தார்ப் பண்டிகைக்கு முதலே தெரியும்."

அவன் ஜக்கெட்டின் சிப்பை ஒற்றைக் கையால் பூட்டிக்கொண்டிருந்தான். பூட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"ட்ரம்ஸ் அடிக்கிறவன் எல்லாருக்கும் பின்னால இருக்கிறவன், அன்ரி. நீங்கள் அவருக்குச் சொல் எடுத்துக் குடுத்ததை ஒவ்வொரு முறையும் பாத்தனான். ஆஸ்பத்திரியில நான் தெரியாமல் கேக்கேல்லை."

அம்மாவுக்குத் தான் சொல்லவில்லை என்றான். சொல்ல வேண்டியது நான்தானாம். பஸ் வந்தது, ஏறிவிட்டான்.

சிவகலா ஒருநாள்கூடக் கிளைவைத் திட்டியதில்லை. வருத்தக்காரன், அவருக்கென்ன தெரியும் என்பார். சிவகலாவிடம் நான் எந்தச் சொல்லில் தொடங்குவது? நாளைக் காலை ஏழு மணிக்கு எங்கள் இருவருக்கும் ஒன்றாக வேலை. கிளைவைக் குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டும்.