நங்கூர முத்திரையை வாங்கினவர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் கடையும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம், உன் சுகத்தை நீ கைப்பட இரண்டு வரி எழுதினால்தான் நம்புவேன். முழங்கால் வலி முன்பு போலத்தான், மாடிக் கிடங்குக்கு ஏறுவதை விட்டுவிட்டேன். மழைக்கு முன்னால் தார்ப்பாய் நன்றாகப் போனது, கயிறுதான் மந்தம். உன் தங்கை வேலை மாறப்போகிறாளாம், எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொல்லுவாள், போகட்டும்.

நீ அனுப்பிய வம்ச வரைபடத்தைக் கல்லா மேஜையில் விரித்துப் பார்த்தேன். கம்பெனிக் கப்பல்கள் முதன்முதலில் வந்த காலத்தில் அவர்களோடு வியாபாரம் செய்த நங்கூர முத்திரைக்காரர்தான் உன் அப்பா வழியில் மூத்தவர் என்று போட்டிருக்கிறாய். மூன்று வருஷ அலைச்சல், லேசில்லை. அடுத்த மாதம் அங்கே வரலாற்றுச் சங்கத்தில் வாரிசு என்று நீ கையெழுத்துப் போட்டால் அவருடைய பழைய கிடங்குச் சுவரில் அவர் பெயரோடு உன் பெயரையும் கல்லில் வெட்டுவார்களாம். உன் சித்தப்பா இப்போதே நடையை மாற்றிக்கொண்டார், இனிமே நம்மள யாரும் கயித்துக்கடைக்காரங்கன்னு சொல்ல முடியாது அண்ணி என்கிறார். அந்தக் கயிற்றில்தான் அவர் பிள்ளைகள் படித்தார்கள் என்று நான் வாயெடுக்கவில்லை.

எனக்கு ஒரே இடம்தான் உறுத்துகிறது. முதல் கப்பலில் போன துணி மூட்டையில் நங்கூர முத்திரை. எழுபது வருஷம் கழித்துத் தீப்பிடித்த கிடங்கில் இருந்ததெல்லாம் கயிறும் தாரும், அதிலும் அதே முத்திரை. ஒரே ஆள், ஆயுசு கெட்டி என்று எழுதியிருக்கிறாய். துணிக்காரர் தொண்ணூறு வயதில் தார் பீப்பாய் உருட்டக் கிளம்புவாரா? அவர் மகன் எடுத்து நடத்தியிருக்கலாமே என்பாய். எதிர்க்கடை இரும்புக்காரர் மகனைப் பார்த்தாயே, அப்பா கண்ணை மூடியதும் பலகையில் தன் பெயரைச் சேர்த்து, கதவுக்குப் பச்சை அடித்து, தராசைக்கூட இடம் மாற்றினான். சொந்தப் பிள்ளைக்குக் கை சும்மா இருக்காது. விலைக்கு வாங்கினவன்தான் முத்திரையில் ஒரு புள்ளியையும் தொடமாட்டான், அவன் வாங்கினதே அந்தப் புள்ளியைத்தான்.

நானும் அதைத்தானே செய்தேன். பழைய முதலாளியிடம் கடையை வாங்கும்போது பலகையையும் சுவரில் மாட்டியிருந்த அவர் படத்தையும் சேர்த்தே விலை பேசினேன். வருகிறவர்கள் எல்லாம் உங்க மாமனாரா என்பார்கள், நான் தலையைக்கூட ஆட்டியதில்லை, வியாபாரம் தானாக நடந்தது. நீயே பள்ளிக்கூடம் போகும்போது அந்தப் படத்துக்குத் தாத்தா டாட்டா சொல்லுவாய். நாளைக்கு உன்னை மாதிரி ஒருவன் என்னைத் தேடி வந்தால் அந்த மனுஷனுக்கு மருமகளாக்கிவிட்டுத்தான் போவான்.

கிடங்கு எரிந்தவரிலிருந்து உன் அப்பா வரைக்கும் நீ போட்ட கோடு சரியாகத்தான் இருக்கிறது. அவருக்கு மேலே போட்ட ஒரு கோட்டைத்தான் அடிக்கச் சொல்கிறேன். முத்திரையை வாங்கிய அந்த ஆள் யார், அதற்கு முன்னால் எங்கே மூட்டை தூக்கினார் என்று தேடு. உனக்கு ஆள் சின்னதாகப் போய்விடும், தெரியும். எனக்கு அவரைத்தான் பிடித்திருக்கிறது. சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டேன், ஐயோ அண்ணி, விழாவுக்குக் கோட்டுத் தைக்கக் கொடுத்துட்டேனே என்றார். தைத்தால் போட்டுக்கொள்ளட்டும், கோட்டுக்கு வம்சம் எதற்கு.

ஊருக்குச் சொல்லுமுன் நானே செய்து பார்க்க வேண்டாமா. போன வாரம் அந்தப் படத்துக்குக் கீழே, கடையின் முந்தைய உரிமையாளர் என்று எழுதி ஒட்டினேன். இருபது வருஷமாக வருகிற படகுக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அப்ப நீங்க யாரும்மா என்றார். கடைக்காரி என்றேன். கொஞ்ச நேரம் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு எப்போதும் வாங்குகிற கயிற்றையே வாங்கிக்கொண்டு போனார். நேற்றும் வந்தார்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். எதைச் செய்தாலும் உனக்கு நல்லதே நடக்கட்டும். கையெழுத்தை மட்டும் இப்போது போடாதே.

படத்தில் இருப்பவருக்கு எந்த உறவும் இல்லாத,
உன் அம்மா