கார் வீட்ல இருக்காது

என்னங்க,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோங்க. பத்து மணிக்குச் சின்னக் காரை விலைக்கு வாங்க ஒருத்தர் வர்றார்னு நேத்து சொன்னீங்களே, அவருக்கு டீ கொடுத்து அனுப்பிடுங்க. காரை எடுத்துக்கிட்டு நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன்.

அந்தக்காலத்துக் கார் மாதிரி வட்ட விளக்கு, பின்சீட்ல முட்டி இடிக்குது, பொம்மை வண்டின்னு சிரிப்பீங்க. சிரிங்க. ஐம்பத்திரண்டு வயசுல நான் ஓட்டக் கத்துக்கிட்டது அதுலதான். நம்ம சந்துல உங்க பெரிய வண்டி திரும்ப முக்குது. நான் ஒரே வளைப்புல வந்துடறேன். இருநூறு கிலோமீட்டரும் தனியாத்தான் ஓட்டப்போறேன். போன்ல வழி சொல்லாதீங்க.

மாத்திரை டிவி பக்கத்துல.

பி.கு.: வண்டியோட ஆர்.சி. புத்தகத்தைத் தேட வேண்டாம், என் கைப்பையில இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் வந்துடுவேன். வாசல்ல உங்க வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. எனக்கும் இடம் வேணும்.