மீட்டருக்கு வைத்த பொட்டு

குமாரபாளையம் அத்தைக்கு, சூரத்திலிருந்து மருமகள் உஷாராணி வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

சாயக்கழிவு நீர் சுத்தமாக இருந்தால்தான் வெளிநாட்டார் துணி வாங்குவார்கள் என்று பட்டறை முதலாளி என்னை இங்கே படிக்க அனுப்பினாரே, நேற்று தேர்வு. தோற்றால் வேலை இல்லை. சாமி கும்பிட்டு, நீரின் கலங்கலை அளக்கும் மீட்டரில் வைக்கும் கண்ணாடிக் குப்பிக்கும் பொட்டு வைத்தேன். சுத்தமான நீரைப் போய் மீட்டர் அழுக்கு என்றது! வீட்டுக் கணக்கு இடித்தாலே விடமாட்டேனே. குப்பி வழியே மீட்டர் பாய்ச்சும் வெளிச்சத்தைப் பொட்டு மறைப்பதைக் கண்டுபிடித்துத் துடைத்தேன். “ஏனுங்கம்மா, மீட்டருக்குமா பொட்டு?” என்று சிரித்தபடி கோயமுத்தூர்க்கார வாத்தியார் தேர்ச்சி போட்டார்.

“போயிட்டு வா சாமி, புள்ளைய நான் பாத்துக்கறேன்” என்று நீங்கள் அனுப்பியதால் வந்த படிப்பு இது.

குங்குமம் தீர்ந்துவிட்டது. நம் கோயிலில் வாங்கி, பிள்ளை கையால் மடித்து அனுப்புங்கள். இனி என் நெற்றிக்கு மட்டும்தான்.

உஷாராணி