கோவிந்தன் மாமா கொடுத்த பொட்டலம்

என் பிரியமான நைனாவுக்கு,

நீ போய் ஏழு வருஷம் ஆகிறது. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். நீ இருந்தவரை எழுத வேண்டிய தேவையே வரவில்லை. ரைஸ் மில் கேட்டில் நின்று ஒரு குரல் கொடுத்தால் தலையெல்லாம் தவிட்டோடு வெளியே வந்துவிடுவாய்.

முதலில் என் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் நர்ஸ் ஆகிவிட்டாள் நைனா. மெட்ராஸில் படித்தேன். நடுவில் எமர்ஜென்சி வந்தது, போனது. இப்போது ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் போய்வருகிற தூரத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் வேலை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வந்துவிட்டன. நம்மோடு நாற்று நட்டவர்களெல்லாம் ஷிப்ட்டுக்குப் போகிறார்கள். இருமிக்கொண்டு எங்களிடம் வருகிறவர்களும் கூடிவிட்டார்கள்.

படிக்கும்போது ஒரு நாள் டாக்டரம்மா ஆஸ்துமா பாடம் எடுத்தார். நுரையீரலுக்குள் போகிற சின்னக் குழாய்களின் உள்சுவர் வீங்கிவிடுமாம். சுற்றியிருக்கும் தசை இறுக்கிப் பிடிக்குமாம். மிச்சமிருக்கும் வழியைச் சளி அடைத்துக்கொள்ளுமாம். இழுக்கும்போது குழாய் கொஞ்சம் விரியும், விடும்போது சுருங்கும், அதனால் உள்ளே போன காற்று அங்கேயே மாட்டிக்கொள்ளும் என்றார். எனக்குப் பேனா ஓடவில்லை. முட்டியில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்துகொண்டு, "உள்ள போவுதுடி, வெளிய வரமாட்டேங்குது" என்று நீ சொல்வாயே! தவிட்டுத் தூசி உனக்குள் என்ன செய்கிறது என்று நீ சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். நாங்கள் புரியாமல் முதுகைத் தடவிக்கொண்டிருந்தோம்.

பாடம் அத்தோடு முடிந்திருக்கலாம். அவர் ஸ்டீராய்டு மாத்திரைக்கு வந்தார். அது வீக்கத்தை வற்ற வைக்கும், மூச்சு லேசாகும், நன்றாகப் பசிக்கும். ஆனால் மாதக்கணக்கில் தின்றால் முகம் வட்டமாக உப்பிவிடும், கை கால் மெலியும், லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போகும். சிறுநீரகத்தின் மேல் ஒரு சுரப்பி இருக்கிறது. அது தானே சுரந்து கொடுக்க வேண்டிய சரக்கு வெளியிலிருந்து தினமும் வந்தால், அது வேலையை விட்டுவிடும். அப்புறம் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஆளே போய்விடலாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

எனக்கு உன் முகம் ஞாபகம் வந்தது.

கோவிந்தன் மாமா உன்னோடு பள்ளிக்கூடம் போனவர். மெட்ராஸில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்துவிட்டு, ஸ்டேஷன் பக்கம் வைத்தியக் கடை போட்டவர். "மலை மூலிகைடா, உன் இழுப்ப வேரோட புடுங்கிடும்" என்று அவர் பொட்டலம் கொடுத்தார். மூன்றாம் நாள் நீ நடந்தே போய் மீன் வாங்கி வந்தாய். இரண்டு மாதத்தில் உன் கன்னம் உப்பியது. "எங்க நைனா சினிமாக்காரர் மாரி ஆயிட்டாரு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் உடம்பில் ஊறிய கெடுதலைப் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன். இதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. மாமா தன் மகள் கல்யாணத்துக்காக வேலூர்ப் பக்கம் போனார். "பொட்டலம் தீந்தா வுட்ரு, வந்து தரேன், ஒன்னும் ஆவாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். தீர்ந்த நாலாம் நாள் உனக்கு வாந்தி. எழுந்தால் தலை சுற்றியது. ஆறாம் நாள் காலையில் இழுப்பும் சேர்ந்துகொண்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஸ்டேஷனுக்குத் தூக்கி வந்தோம். ரயில் வருவதற்குள் பிளாட்பார பெஞ்சிலேயே நீ அடங்கிவிட்டாய். சேதி போய் மாமா ஓடி வந்தார். உன் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். பாடைக்கு முதல் தோள் கொடுத்தவர் அவர். அந்த அழுகையை நான் எத்தனை நாள் நம்பினேன்!

பாடம் கேட்ட பிறகும் சந்தேகமாகத்தான் இருந்தது. கையில் அத்தாட்சி இல்லை. போன மாதம் இரும்புக் கம்பெனியில் வேலை செய்கிற ஒருவர் எங்களிடம் வந்தார். அதே வட்ட முகம். "இன்னா மருந்து சாப்புடுறீங்க?" என்றேன். மடியிலிருந்து பொட்டலம் எடுத்தார். பச்சைப் பொடிக்குள் சரியாக இடிபடாத வெள்ளை மாத்திரைத் துண்டு ஒன்று கிடந்தது. யார் கொடுத்தது என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, அவரே சொன்னார்.

அன்று மத்தியானமே மாமாவின் கடைக்குப் போய், துண்டை மேஜைமேல் வைத்தேன்.

"குந்து சரோஜா" என்றார்.

"குந்த வரல மாமா. எங்க நைனாவுக்கும் இதானா?"

துண்டை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார். "மூச்சு வந்துச்சா இல்லியா? ரெண்டு வருசம் மனுசனா நடமாடிக்கினு இருந்தானே, நீயே பாத்தல்ல?"

"திடீர்னு நிறுத்தக்கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"டாக்டரு எழுதிக் குடுக்கிறத பாத்துக் கத்துக்கினேன். நிறுத்துறத நான் எங்கம்மா கண்டேன்?"

திரும்பி நடந்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து சொன்னார்: "உங்க நைனாவுக்குத் தெரியும். இங்கிலீஸ் மாத்திரதான்னு சொல்லித்தான் குடுத்தேன். ஊட்ல சொல்லாத, பேஜாரு பண்ணுவாங்கன்னு அவன்தான் சொன்னான்."

நிஜமா நைனா? நீ தெரிந்தேதான் தின்றாயா? நான் உன் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தபோது, உள்ளுக்குள் தெரிந்துகொண்டே நீயும் சிரித்தாயா? அல்லது செத்தவன் எழுந்து வந்து மறுக்க மாட்டான் என்கிற தைரியத்தில் அவர் பழியை உன்மேல் போடுகிறாரா? ஒரு பொய்யைக் கண்டுபிடிக்கப் போனவள், யார் பொய்யென்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

எங்கள் டாக்டரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அதிகாரிகள் வந்து கடைக்குச் சீல் வைத்தார்கள். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. "உங்க நைனாவத் தூக்கினு போன தோளுடி அது. அவன் வயித்துல அடிச்சிட்டியே, பாவி" என்றதுதான் கடைசி. ஏன் எழுதிக் கொடுத்தேன் என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. உன் சாவை இரண்டாம் தரம் அவள் கையில் எப்படிக் கொடுப்பது?

அந்த இரும்புக் கம்பெனிக்காரர் உயிரோடு இருக்கிறார். அவர் மாத்திரையை டாக்டர் வாரா வாரம் சிறுகச் சிறுகக் குறைக்கிறார். நான் மாத்திரையின் பேரைத் தமிழில் எழுதி, "என்னைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது" என்று அவர் மனைவிக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். மூச்சு ஒரு நாள் நன்றாக இருக்கிறது, ஒரு நாள் இல்லை. ஆனாலும் தானே நடந்து வருகிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவை எதிரில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், மாமா கடைசியாகச் சொன்னதையும் சேர்த்து. உனக்குத் தெரியாது என்று நம்பத்தான் எனக்கு ஆசை. ஆனால் அந்த ஆசையை உண்மை போலச் சொல்லி அவளைத் தேற்ற மாட்டேன். "நைனாவுக்குத் தெரியுமா?" என்று அவள் கேட்டால், எனக்குத் தெரியாது என்றே சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மூத்த மகள்,
சரோஜா