டிக்கியில் ஆறு சிடி, வீட்டில் ஒரு ரேடியோ

எல்லோரும் டிரைவர் பிரான்சிஸ் என்று கூப்பிட்ட, நான் ஒருத்தி மட்டும் அப்பா என்று கூப்பிட்ட உங்களுக்கு, உங்கள் ஒரே மகள் அன்போடும் இன்னும் ஆறாத கோபத்தோடும் எழுதுவது.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. எஸ்டேட் வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவும் நானும் கிளியூரில் வாடகைக்கு இருக்கிறோம். புது டிரைவருக்கு அந்த வீடு வேண்டுமாம். தினமும் பஸ்ஸில் மலையிறங்கி, சேலத்தில் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்யும் கடைக்கு வேலைக்குப் போகிறேன். வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், "மெக்கானிக் இல்லீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். "நான்தானுங்க" என்றால், மேசையில் வைத்த செட்டைத் திரும்பத் தூக்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார்கள்.

இதையெல்லாம் கல்லறையில் போய்ச் சொன்னால் போதாதா, நாலு பேர் படிக்கிற மாதிரி ஏன் எழுதுகிறாய் என்று அம்மா கேட்டாள். உங்களை அன்று திட்டியது நாலு பேர் முன்னால்தானே. என் தப்பையும் அதே மாதிரி நாலு பேர் முன்னால் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது.

நீலநிற வெளிநாட்டுக் கார். நீங்கள் அதைத் துடைக்கும் மஞ்சள் துணியை அம்மாகூடத் தொடக் கூடாது. என் பள்ளிக்கூடப் பையின் ஜிப் போய், ஒரு வருஷம் ஊக்குக் குத்திக்கொண்டு நடந்தேன். அந்தக் காரின் கதவு ரப்பர் கொஞ்சம் பிய்ந்தால் அன்றைக்கே சேலத்துக்கு ஓடினீர்கள். மற்ற வீடுகளில் அப்பாவைப் பங்குபோட அண்ணன், தம்பி இருப்பார்கள். நம் வீட்டில் ஒரு கார் இருந்தது. அதுவும் நம்முடையது இல்லை.

காரைவிட மோசம் சின்னவர். முதலாளியின் மகன், என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். நீங்கள் அவரைச் "சாமி" என்பீர்கள். என்னையும் "சாமி"தான். நம் பக்கம் பெற்ற பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோயிலில் பூசை வைக்கிறவரும் சாமி. அவர் பரவாயில்லை, ஊருக்கே பொது. ஆனால் சின்னவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க சாமி" என்பீர்களே, என்னைச் சாப்பிடக் கூப்பிடும் அதே குரல், அதே இழுப்பு. இரண்டு வீட்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால், எது பாசம், எது பயம் என்று நான் எப்படிப் பிரிப்பது?

சின்னவர் படிப்பு முடித்து ஊருக்கு வந்தபோது ஒரு சிடி சேஞ்சர் கொண்டுவந்தார். ஆறு சிடியை அடுக்கி டிக்கிக்குள் வைத்துவிட்டால், முன்சீட்டில் உட்கார்ந்து பட்டனை அழுத்தி எது வேண்டுமோ மாற்றிக்கொள்ளலாம். காரோடு வந்த ஸ்டீரியோவோ கேசட்டும் ரேடியோவும் மட்டும் பாடுவது. அதன் முதுகில் சேஞ்சரைச் சொருக இடமே இல்லை, ஸ்டீரியோவையே மாற்றணும் என்று சேலத்துக் கடைக்காரர்கள் சொன்னார்கள். கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றினால் டேஷ்போர்டு அசிங்கமாகிவிடும் என்று சின்னவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் எங்கிருந்தோ ஒரு சின்னப் பெட்டியை வரவழைத்தார். அது சேஞ்சரின் பாட்டை எஃப்.எம். ஆக மாற்றிக் காரின் ரேடியோவுக்குள் அனுப்பும். ரேடியோ முள்ளை எண்பத்தெட்டில் வைத்தால், ஏதோ ஸ்டேஷன் என்று நம்பி அது பாடும். நம் மலையில் அப்போது எந்த எஃப்.எம்.மும் எடுக்காது. எண்பத்தெட்டில் வெறும் இரைச்சல்தான்.

"பிரான்சிஸ் மாட்டிருவான்" என்று சின்னவர் சொல்லிவிட்டார். ஐம்பது வயது மனிதனுக்கு "ருவான்."

பெட்டியோடு வந்த தாள் இங்கிலீஷில் இருந்தது. நீங்கள் அதை என்னிடம் கொண்டுவந்தீர்கள். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருஷம். மூன்று சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள் அப்பா. நான் படித்துச் சொல்லச் சொல்லப் பென்சிலால் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டீர்கள். என் பாடப் புத்தகத்தை ஒரு நாளாவது திறந்து பார்த்தீர்களா? காருக்கு என்றால் மட்டும் எவ்வளவு பொறுமை. ஆனாலும் அந்த மூன்று சாயங்காலமும் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் மறைக்கவில்லை.

மூன்றாம் நாள் கேட்டேன். "சனிக்கிழமை காலேஜுக்கு வர்றீங்கல்லப்பா? அப்பா அம்மாவக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"சனிக்கிழமைதான் இத மாட்டணும் சாமி. ஞாயித்துக்கெழம சின்னவருக்கு விருந்தாளிங்க வர்றாங்க. நீ அம்மாவக் கூட்டிட்டுப் போயேன்."

அதற்குப் பிறகு மிச்சமிருந்தது ஒரே ஒரு இணைப்பு. ஏரியல் ஒயரை ரேடியோவிலிருந்து பிரித்துப் பெட்டியின் ஒரு பக்கம் கொடுக்க வேண்டும், பெட்டியின் மறுபக்கத்திலிருந்து ரேடியோவுக்கு எடுக்க வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது என்று தாளில் இருந்தது. நான், "ரேடியோ ஒயரு, ஏரியல் ஒயரு, ரெண்டையும் ஒண்ணா முறுக்கிருங்க" என்றேன். கொர்ரென்று இரையும், விருந்தாளிகள் முன்னால் சின்னவர் முகம் சுருங்கும் என்று நினைத்தேன். உங்கள் முகத்தைப் பற்றி நினைக்கவில்லை.

"நல்லாப் பாத்துச் சொன்னியா சாமி?"

"பாத்துத்தான் சொன்னேன்."

நீங்கள் அட்டையில் எழுதிக்கொண்டீர்கள்.

காரில் பாட்டு நன்றாகத்தான் பாடியது. நான் நினைக்காதது வேறு. முறுக்கிய ஒயர் வழியாகப் பாட்டு ஏரியலுக்கும் ஏறி, வெளியேயும் போனது. ஞாயிற்றுக்கிழமை பங்களா வாசலில் ஒரு விருந்தாளி தன் காரில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகியிருக்கிறார்.

"டேய், ஒம் பாட்டு என் வண்டியில கேக்குதுடா. டிரைவர வெச்சு ரேடியோ ஸ்டேஷன் தொறந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவரும் முதலில் சிரித்தார். பிறகு உங்களைக் கூப்பிட்டார்.

"ஏன் பிரான்சிஸ், படம் போட்டுக் குடுத்திருக்கானே, அதுகூடவா தெரியாது? படிக்காதவன் கையில குடுத்தா இப்படித்தான்."

"தப்புத்தானுங்க சாமி. நாந்தான் சரியாப் பாக்காம முறுக்கிட்டனுங்க."

பலகாரத் தட்டு எடுத்துக் கொடுக்க வந்த அம்மாவோடு நான் சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தேன். எம் மகதான் படிச்சுச் சொன்னா என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியிருக்கலாம். நானாவது இறங்கி வந்து சொல்லியிருக்கலாம். பத்தொன்பது வயது, வாய் நீளம் என்று பேர் வாங்கியவள். அன்றைக்கு வாய் எங்கே போனது?

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது சொன்னீர்கள்: "ஒரு வார்த்த மாறிப்போச்சாட்டம் இருக்குது. நொம்ப யோசிக்காத சாமி." படத்தைப் பார்த்து எத்தனை வண்டிக்கு ஒயர் இழுத்தவர் நீங்கள். நான் சொன்னது பொய் என்று அப்போதே தெரிந்ததா? தெரிந்தும் முறுக்கினீர்களா?

அடுத்த நாளே ஒயரைப் பிரித்துச் சரி செய்தீர்கள். சின்னவர் இன்னொரு ரேடியோவைக் காருக்கு வெளியே வைத்து, பாட்டு வரவில்லை என்று பார்த்துத் திருப்தியானார். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, கோயிலில் பூசை முடிந்து வந்து, நீங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் கார் கழுவப் போனீர்கள். ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த நம் வீட்டு டூ-இன்-ஒன்னில் பாட்டு கேட்டது. அம்மா எண்பத்தெட்டில் வைத்துவிட்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டு வாங்கிச் சரி செய்ததும் இந்த லட்சணம்தானா, ஒரு ஒயரைப் பிரிக்கத் தெரியவில்லையே இந்த மனுஷனுக்கு என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். போய் அணைத்தேன்.

"பாடிட்டுப் போகுது, உடு கண்ணு" என்றாள் அம்மா.

"அவங்க பாட்டு நம்ம ஊட்டுக்கு எதுக்கு?"

கொஞ்ச நேரத்தில் நீங்கள் நனைந்த காலோடு வந்து, "பாட்டுக் கேட்டுதா சாமி?" என்றீர்கள்.

"இரைச்சல்தான் கேட்டுது."

"அப்படியா" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமையாவது எங்களோடு உட்கார மாட்டேன் என்கிறாரே, அந்தக் காரையே கழுவுகிறாரே என்று நான் வெந்துகொண்டிருந்தேன். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் அணைத்தேன். நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டீர்கள். நான் ஒவ்வொரு ஞாயிறும் இரைச்சல் என்றேன். சின்னவர் கேட்பதெல்லாம் இங்கிலீஷ் பாட்டு, ஞாயிறு வருவதெல்லாம் அம்மாவுக்குப் பிடித்த தமிழ்ப் பாட்டு. அது எப்படி என்று எனக்கு ஒரு முறையாவது உறைத்ததா?

உங்களுக்கு நெஞ்சு வலித்த காலையில் கார் பெங்களூர் போயிருந்தது. அத்தனை வருஷம் மற்றவர்களை இறக்கி ஏற்றியவர், கடைசியாக மலையிறங்கியது பஸ்ஸில், அம்மா தோளில் சாய்ந்துகொண்டு. இதைப் பற்றி நிறைய எழுத வரும். இன்று வேண்டாம்.

போன வாரம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் கிளியூருக்கு ஆள் அனுப்பினார். சின்னவர் காரை விற்கிறார். வாங்குகிறவர், வண்டி கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே வேண்டும் என்கிறாராம். சேஞ்சரைக் கழற்ற வேண்டும், உங்கள் ஒயரிங் யாருக்கும் புரியவில்லை. போகக் கூடாது என்று நினைத்தேன். போனேன். அந்தக் காரின் வயிற்றை ஒரு தடவை கிழித்துப் பார்க்க ஆசை.

உங்கள் சீட்டில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஃபியூஸ் மூடியைத் திறந்தேன். உள்ளே, பனி விளக்குக்குப் போடும் பழைய சுவிட்ச் ஒன்று இருந்தது. மூடுபனியில் ஓட்ட நம் மலை ஜீப்புகளில் மஞ்சள் விளக்கு வைப்பார்களே, அதற்கானது. இந்தக் காரில் அந்த விளக்கே கிடையாது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஒரு முனை பெட்டியில், மறு முனை ஏரியலில்.

கடையிலிருந்து டெஸ்ட் பண்ணக் கொண்டுவந்த சின்ன ரேடியோவை எண்பத்தெட்டில் வைத்து வெளியே நிறுத்தினேன். சுவிட்சைக் கீழே தட்டினேன், இரைச்சல். மேலே தட்டினேன், பாட்டு. கீழே, இரைச்சல். மேலே, பாட்டு. எத்தனை முறை தட்டினேன் என்று தெரியவில்லை.

நான் பொய்யாகச் சொன்ன இணைப்பைத்தான் ஒரு சுவிட்ச் போட்டு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் அப்பா. சின்னவர் வண்டியில் இருந்தால் கீழே. ஞாயிறு ஷெட்டில் கார் கழுவும்போது மேலே. நான் உங்களை அடிமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் காரில், அவர் சேஞ்சரில், அவர் பேட்டரியில், தமிழ் சிடியைப் போட்டு நம் வீட்டுக்குப் பாட்டு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நான் அணைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னவர் வந்து நின்றார். "என்ன சுவிட்ச் அது?"

"பழைய பனி வெளக்கு சுவிட்சுங்க."

"தூக்கிப் போட்டுரு."

என் பைக்குள் போட்டேன். பிறகு சொன்னேன். "அன்னிக்கு விருந்தாளிங்க முன்னாடி எங்கப்பாவத் திட்டுனீங்கல்ல, ஏரியல மாத்தி முறுக்குனதுக்கு. அது அவரு தப்பில்லீங்க. தாளப் படிச்சுச் சொன்னது நான். வேணும்னே மாத்திச் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். யோசித்தார். "திட்டுனனா? எப்ப? ஞாபகமே இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டு, டிக்கியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

நாலு வருஷமாக என்னை அரித்தது அவர் மண்டையில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. நீங்களும் கடைசிவரை அதைத் தூக்கிக்கொண்டு போனீர்களோ?

வீட்டுக்கு வந்து சுவிட்சை அம்மா முன்னால் வைத்தேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும் கண்ணு. முள்ள எங்க வெக்கோணும்னு உங்கப்பாதான் காட்டிக் குடுத்தாரு. உங்கிட்டச் சொல்லலாம்னு நாங்கூடச் சொன்னேன். ரேடியோவுக்குப் படிக்கிறவ, தானாக் கண்டுபுடிக்காமயா போயிருவா, அவளே வந்து கேக்கட்டும்னாரு."

நான் வந்து கேட்பேன் என்று எத்தனை ஞாயிறு காத்திருந்தீர்கள்?

பாருங்கள், பொறாமை இன்னும் போகவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. இப்போது அம்மாமேல். இந்த ரகசியம் உங்கள் இருவருக்கும் இருந்திருக்கிறது. அத்தனை பாட்டையும் அவள் கேட்டிருக்கலாம், நான் அணைக்காமல் இருந்திருந்தால். நான் அணைத்ததைக்கூட அவள் உங்களிடம் சொல்லவில்லை. அதுவும் எனக்கு எரிகிறது.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அம்மா ரேடியோவை எண்பத்தெட்டில் வைப்பாள். இங்கே ஷெட்டும் இல்லை, காரும் இல்லை, வெறும் இரைச்சல்தான் வரும். நீங்கள் குளிக்கப் போகிற நேரம் வரைக்கும் உட்கார்ந்து கேட்பேன். என் கையால் இனி அதை அணைக்க மாட்டேன் அப்பா, இது சத்தியம்.

இப்படிக்கு,
நீங்கள் சாமி என்று கூப்பிட்ட இரண்டு பேரில், அந்தச் சுவிட்ச் யாருக்காகவோ அவள்,
உங்கள் மகள் ஸ்டெல்லா