கொட்டக் கூடாத தண்ணீர்

முத்தாபுதுப்பேட்டை,
8-11-1938, இரவு.

அன்புள்ள அண்ணாவுக்கு வடிவு எழுதுவது. இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன். உன்னோடு இருக்கிற பரந்தாமனுக்குக்கூட வேண்டாம், அவன் தன் அம்மாவுக்கு ஒரு வரி எழுதினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். இங்கே எல்லோரும் சுகம், மொம்பாசாவில் உன் சுகத்தை எழுது என்று அம்மா சொல்லச் சொல்லப் பகலில் ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, துறைமுகத்தில் வெயிலில் நிற்காதே, துரை திட்டினால் எதிர்த்துப் பேசாதே என்று அவள் சொன்ன புத்தியெல்லாம் அதில் இருக்கிறது. சுகம் என்றது மட்டும் பொய். வரலட்சுமி அண்ணி எலும்பெல்லாம் முறிகிறது என்று ஒரு வாரமாகப் படுத்தபடி இருக்கிறாள், நேற்றிலிருந்து உன் குழந்தைக்கும் உடம்பு கொதிக்கிறது. எழுதினால் அவன் சோறு திங்க மாட்டான் என்று அம்மா தடுத்துவிட்டாள். நான் பள்ளிக்கூடம் போகவில்லை. தண்ணீர் எடுத்து, கஞ்சி வைத்து, குழந்தையைத் தோளில் போட்டு நடந்து நடந்து கால் மரத்துவிட்டது.

நீ ரயிலேறின அன்று குடித்து மீந்த தண்ணீரை அம்மா ஒரு புதுப் பானையில் ஊற்றி, மஞ்சள் கயிறு கட்டி அண்ணி படுக்கிற அறை மூலையில் வைத்தது உனக்குத் தெரியாது. நீ திரும்பி வந்து உன் கையால் வாசலில் கொட்டுகிற வரைக்கும் யாரும் அதைக் கவிழ்க்கக் கூடாதாம். குறையக் குறைய அவள் மட்டும்தான் ஊற்றுவாள். நம் நைனா செத்துப்போன பிறகு அவளுக்கு இருக்கிற தைரியமெல்லாம் அந்தப் பானைதான். போன மாதம் அதில் புழு நெளிந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டு, பாத்தியாடி, தண்ணில உசுரு கீது, எம்புள்ள அங்க நல்லா கீறான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து விடிவதற்கு முன்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் பல் துலக்குகிறாள்.

அந்த வாரமே கோதண்டம் என்கிற சுகாதார இன்ஸ்பெக்டர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பெண்கொசுதான் கடிக்கும் என்று அவர் சொன்னதும் பக்கத்திலிருந்த ராணி, எங்க அத்த ஜாதிடி என்றாள், சிரித்துவிட்டேன். பிறகு சீசாவில் அதே புழுவைக் காட்டினார், சிரிப்பு நின்றுவிட்டது. அது வளர்ந்தால் காலில் வெள்ளைப் பட்டை போட்ட கொசுவாம், பகலில் கடித்து எலும்பை முறிக்கிற காய்ச்சலைப் பரப்புமாம். ஆதியில் ஆப்பிரிக்காக் காட்டில் மரப்பொந்துத் தண்ணீரில் பிறந்து மிருகங்களின் ரத்தம் குடித்ததாம். மழையில்லாத காலத்தில் ஜனங்கள் பானையில் தண்ணீர் சேர்த்து வைக்க, சில கொசு அங்கே வந்து, தலைமுறை தலைமுறையாக மனுஷ வாடைக்கே பழகிக் காட்டை விட்டுவிட்டதாம். அதன் முட்டை பானைச் சுவரில் ஒட்டி மாசக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் பொரியுமாம். அப்படித்தான் அடிமைகளை ஏற்றிப்போன கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாயில் கடல் தாண்டி, பிறகு துறைமுகம் துறைமுகமாக நம் பக்கமும் வந்ததாம். நீ இருக்கிற ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒன்று நம் வீட்டில் உன் குழந்தையைக் கடிக்கிறது அண்ணா.

இன்ஸ்பெக்டர் நம் தெருவுக்கும் வந்தார். உள்ள சாமி கீது, செருப்போட வராதப்பா என்று அம்மா வாசலிலேயே அனுப்பிவிட்டாள். நான் அம்மாவுக்குச் சந்தேகம் வராதபடி துணியால் பாதிப் புழுவை வடித்துப் பார்த்தேன், சில நாளில் திரும்பப் பொரிந்துவிட்டது. குழந்தைக்கும் காய்ச்சல் கண்ட பிறகு என்னால் முடியவில்லை. இன்றைக்கு எல்லோரும் அசந்த பிறகு பானையைப் பின்பக்கம் தூக்கிப்போய்க் கொட்டி, தேங்காய் நாரால் உள்பக்கம் முழுக்கத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன். நாலு புழுவையாவது விடலாமா என்று நினைத்தேன். அந்த நாலும் சிறகு முளைத்துக் குழந்தை மேல்தானே உட்காரும். இன்ஸ்பெக்டர் சொன்னதும் நிஜம், அம்மா நம்புவதும் நிஜம் என்றால் நான் உனக்கு என்ன செய்துவிட்டேன்? விடிந்தால் அம்மா பார்ப்பாள், தண்ணீர் அசையாமல் இருக்கும். உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அழுவாள்.

அதனால் நீ நன்றாக இருப்பதை உடனே அவளுக்கு எழுது. பானையில் ஏரி மீன் ரெண்டு விடச் சொல்லியும் எழுது. அது புழுவைத் தின்றுவிடுமாம், தண்ணீரிலும் உசுரு இருக்கும். நான் சொன்னால் அடிப்பாள், நீ சொன்னால் கேட்பாள். உன் கடிதம் கப்பலில் வந்து சேர்கிற வரைக்கும் அவளுக்கு என்ன சொல்வேன் என்றுதான் தெரியவில்லை. அம்மா உனக்குத் தினமும் சொல்கிற ஆசீர்வாதத்தை நானே எழுதுகிறேன், நோய் நொடி இல்லாமல்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான். வடிவு, இன்னும் தூங்கலியா, வௌக்க எடுத்துகினு வா, பானையப் பாக்கணும் என்கிறாள். அண்ணா