சித்ஸெல் இடுப்பில் ஒரு தேதி

நவம்பர் 24

காலையிலிருந்து மழை. தோர்கில் பண்ணையில் இரண்டு பசுக்களுக்குச் சினை ஊசி போட்டேன். இந்த வட்டாரத்துக் கன்றுகளில் பாதி என் கை பட்டுப் பிறந்தவை. சித்ஸெல்லும் நானுமாக இரண்டு பெண்கள் வாழும் என் வீட்டில் மட்டும் தொட்டில் இல்லை.

காப்பி ஊற்றிக்கொண்டே தோர்கில் கேட்டார். "உன் வீட்டுக்காரிக்கு எத்தனை தடவை ஊசி போட்டாச்சு, போதில்?"

"ஆஸ்பத்திரியில மூணு. ஒண்ணும் நிக்கல."

"நாலாவதுலயும் நிக்கலன்னா நான் மாட்டை வித்துருவேன்."

"நான் விக்கிறதா இல்ல."

மனிதருக்குக் காது வரை சிவந்துவிட்டது. கூட ஒரு துண்டு கேக் வெட்டி வைத்தார்.

நவம்பர் 29

சித்ஸெல் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "இதுதான் கடைசி. ஆஸ்பத்திரியில அந்த வெள்ளை வெளிச்சத்துக்கு அடியில இனிமே போய்ப் படுக்க மாட்டேன். நம்ம கட்டில்ல, நீயே போடு."

நாங்கள் தேர்ந்த கொடையாளியின் விந்துக்குச்சி, அதாவது விந்தை உறையவைத்த மெல்லிய குழல், விந்து வங்கியில் இன்னும் ஒன்றுதான் மிச்சம். அவளுக்கு வயது நாற்பத்தொன்று. சரி என்றேன். வேறென்ன சொல்ல?

டிசம்பர் 2

வங்கியிலிருந்து பெட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் வெண்புகை. தினமும் வேலையில் பார்க்கிற புகைதான் — பின் எதற்காகத் தொப்பியைக் கழற்றினேன்?

டிசம்பர் 3

மதியம். குச்சியை உருக்க வெந்நீரில் போட எனக்குக் கை வரவில்லை. "இங்க குடு" என்று சித்ஸெல் வாங்கி, உடம்புச் சூட்டில் உருகட்டும் என்று அக்குளில் வைத்துக்கொண்டாள். முகம் தெரியாத ஒருவன், இந்நேரம் எங்கோ கறுப்பு ரொட்டி தின்றுகொண்டிருப்பவன், எங்களுக்கு இதைத் தந்திருக்கிறான். உயிர் இத்தனை சின்னதா! இத்தனை குளிரைத் தாங்குமா!

ஊசியில்லாத சிரிஞ்சை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். "மாட்டுக்குப் போடறப்ப இவ்வளவு யோசிக்க மாட்டியே" என்றாள்.

முடிந்தது. முடிந்ததும் பழக்கதோஷம் — பையிலிருந்து நீல மெழுகுக்கட்டியை எடுத்து, ஊசி போட்ட பசுவுக்குப் போடுவது போலவே அவள் இடுப்பில் தேதி போட்டுவிட்டேன். 3/12.

"அடிப்பாவி! நான் என்ன பசுவா?"

கால் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்தபடி சிரித்தாள். "சிரிக்காத, சிரிக்காத, வெளிய வந்துரும்!" என்று கத்தினேன். கத்திவிட்டு நானும் சிரித்தேன். அழுகையும் வந்தது.

டிசம்பர் 9

தேதி இன்னும் அழியவில்லை. அதைச் சுற்றித்தான் சோப்புப் போடுகிறாளாம்.

டிசம்பர் 18

உள்ளே கையை விட்டுப் பார்த்தே பசு சினையா இல்லையா என்று சொல்பவள் நான். இன்று சித்ஸெல் சோதனை அட்டையோடு உள்ளே போக, குளியலறைக் கதவுக்கு வெளியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போதில்... வந்து பாரேன்."

இரண்டு கோடு. ஐயோ, இரண்டு கோடு.

டிசம்பர் 24

சித்ஸெல்லின் அம்மா வீட்டில் கிறிஸ்துமஸ் அரிசிப் பாயசம். அதற்குள் ஒரே ஒரு முழு பாதாம் போட்டிருப்பார்கள்; அது யாருக்கு வருகிறதோ அவர் கன்னத்தில் ஒளித்துக்கொண்டு கமுக்கமாக இருக்க வேண்டும். "யாருகிட்ட இருக்கு? சொல்லுங்க!" என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பாதாம் எங்களிடம் இல்லை; நாங்கள் ஒளித்தது வேறு. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 19

குளிர்காலம் முழுக்கத் தொழுவத்தில் கிடந்த பசுக்களைத் தோர்கில் இன்று புல்வெளிக்குத் திறந்துவிட்டார். ஊரே வேலியோரம் நின்றது. கிழட்டுப் பசுக்கள்கூடப் பின்னங்காலைத் தூக்கிக் குதித்தன.

சித்ஸெல் சட்டென்று என் கையைப் பிடித்துக் கோட்டுக்குள் இழுத்து வயிற்றில் வைத்தாள். எத்தனை ஆயிரம் பசுக்களுக்குள் போய்வந்த கை. மூச்சுவிடாமல் வைத்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு தட்டு. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

"என்னம்மா அழுவுற? பசு குதிக்கிறத இதுக்கு முன்னாடி பார்த்ததில்லையா?" என்றார் தோர்கில்.

"இவளுக்குள்ளயும் ஒண்ணு குதிக்குது" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார்.